பாகத்தில் சேராத பாட்டு

என் வீட்டுப் பாட்டை முதன்முதலாக வேறொருவர் வாயில் கேட்டது திருச்செங்கோட்டு மலைப்படியில். வைகாசித் தேர் நிலைக்கு வந்த மறுநாள், கூட்டம் குறைந்திருக்கும் என்று போயிருந்தேன். எனக்கு முன்னால் கனத்த உடம்புக்காரி ஒருத்தி தொடையில் கையூன்றி ஏறிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். பின்னால் வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து இழுத்துப் பாடினாள்.

"இன்னும் ஒருபடி ஏறித்தான் பாருங்க..."

பெண்கள் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்தார்கள். சொல் ஒன்றிரண்டு மாறியிருந்தது. மெட்டு மாறவில்லை. அந்த மெட்டு எங்கள் கிணற்றில் எருதுகள் இறங்கும் சரிவான வாரியின் நீளம். எனக்குத் தெரியாதா?

"நில்லம்மா. இந்தப் பாட்டு உனக்கு எங்கே கெடச்சுது?"

"எங்கேன்னா? ஜலகண்டாபுரத்துல எங்க தறியிலெல்லாம் பாடறதுதானுங்க. வண்டிக்காரங்க கொண்டாந்தது. மலையேறுனா 'படி'ன்னு பாடுவோம், தறியில உக்காந்தா 'எழை'ன்னு பாடுவோம். சாமி பாட்டுங்க."

"சாமி பாட்டு இல்லே. எங்க ஊட்டுப் பாட்டு."

அவள் என் தலைப்பாகையிலிருந்து செருப்பில்லாத கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அப்பிடீங்களா? பாட்டுக்கு வேலி கட்டி வெக்கலைங்களா? கட்டியிருந்தா எங்கூருக்கு மேய வந்திருக்காதுங்களே."

"ஆத்தாயி, பெரியவங்ககிட்ட வாயாடாதே, வா" என்று ஒருத்தி அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் இழுத்தவளும் சிரித்தாள். சந்நிதிக்குப் போய் நான் என்ன கும்பிட்டேன் என்று நினைவில்லை.

நான் சென்னிமலை. சங்ககிரி ரோட்டோரத்து ஊர்களில் அருமைக்காரன். எங்கள் இனத்துக் கல்யாணங்களை முன்நின்று நடத்திவைக்கும் உரிமை எனக்கு உண்டு. நான் தொட்டுக் கொடுக்காமல் தாலி மணவறைக்குப் போகாது. ஒரு பாட்டுக்காக மலைப்படியில் வம்பு பேசுகிறவன் அல்ல. ஆனால் அது எப்படிப்பட்ட பாட்டு என்று தெரிந்தால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

எனக்குக் கல்யாணமான புதிதில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. மேட்டூரில் இப்போது அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள்; அப்போது அதுவும் இல்லை. இருந்தாலும் எங்கள் மேட்டு நிலத்துக்கு ஒரு சொட்டு வரப்போவதில்லை. கிணறுதான் எல்லாம். அதுவும் வற்றிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் என் மனைவி பாப்பாயியிடம் சொன்னேன்: "உங்கய்யன் வந்தார்ன்னா அவரோட போயிரு. மழை பேஞ்சாக் கூப்புட்டுக்கறேன்." அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டாள்.

நான் தண்ணீர் இறைக்க எருதுகளைக் கவலையில் பூட்டினேன். எருதுகள் வாரியில் இறங்க, வடம் இழுபட்டுத் தோல்சால் மேலே வந்தது. சேறு. மறுபடியும் சேறு. மாட்டை அவிழ்த்துவிடலாம் என்று நுகத்தடியில் கை வைத்தபோது, வாய்க்கால் ஓரத்திலிருந்து அவள் பாடினாள். அதற்கு முன் அவள் பாடி நான் கேட்டதில்லை.

"காஞ்ச கெணத்தடியில் கண்ணீரா ஊறுதுங்க
ஓஞ்ச எருதுரெண்டும் ஒங்கமொகம் பாக்குதுங்க
இன்னும் ஒருசாலு எறச்சுத்தான் பாருங்க
மண்ணு நனைஞ்சாக்கா மறுக்காப் பேசலாங்க."

இன்னும் ஒரு சால் இறைத்தேன். அதற்கப்புறம் இன்னொன்று. கலங்கலாகத் தண்ணீர் வந்தது. அவள் நின்ற இடத்து மண் கறுத்தது. மதியம் மாமனார் வந்தார். பாப்பாயி அவருக்கு மோர் கொடுத்துத் தனியாகத் திருப்பி அனுப்பினாள். அவளை அனுப்பும் பேச்சு பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

அந்தக் கடைசி அடிக்கு அர்த்தம் அதுதான். எங்களுக்குள் அன்று காலையில் நின்றுபோன பேச்சு. அந்த 'ங்க' எனக்குச் சொன்ன 'ங்க'. அன்றிலிருந்து என் முறை நாளில் வாரியில் நான் பாடாமல் சால் ஏறியதில்லை. இதை மலையேறுகிறவளும் தறி நெய்கிறவளும் எதை நினைத்துப் பாடுகிறார்கள்?

எனக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. என் சித்தப்பா மகன் சுப்பையனுக்கும் எனக்கும் பாகம் பிரிந்தபோது வீடு பாதியானது, காடு பாதியானது, களம் பாதியானது. ஒரு புளியமரம் யார் பங்கு என்பதில் பேச்சும் நின்றது. கிணற்றை மட்டும் வெட்ட முடியாது என்பதால் முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் அவனுக்கு, ஒருநாள் எனக்கு. என் கண்முன் இருந்த எல்லாவற்றிலும் அவன் பாதி எடுத்துக்கொண்டான். பாப்பாயியையே முதலில் அவனுக்குத்தான் கேட்டுப் போனார்கள். ஜாதகம் சேராமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவன் பங்கு கேட்க முடியாதது அந்தப் பாட்டு ஒன்றுதான். முழுசாக என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாயியைக் கேட்டேன். முறத்தில் ஆமணக்கு முத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டை யாருக்குச் சொல்லிக் குடுத்தே?"

"எந்தப் பாட்டுங்க?"

"எந்தப் பாட்டா? ஜலகண்டாபுரத்துக்காரி ஒருத்தி மலைப்படியில பாடறா. நமக்கு எத்தனை பாட்டு இருக்குது?"

"ஓ, அதா!" முறத்தை நிறுத்தினாள். "ஜலகண்டாபுரம்வரைக்கும் போயிருச்சுங்களா? பரவாயில்லையே. நான் சங்ககிரியைத் தாண்டினதில்லே."

"சிரிக்காதே. நம்ம ஊட்டுப் பொம்பளை பாட்டை ஊரான் வாயில கேக்கறது எனக்கு மானக்கேடு."

"யாருக்கும் நான் சொல்லிக் குடுக்கலைங்க. பாட்டுப் பாடற வயசா எனக்கு? போங்க, கால் கழுவிட்டு வந்து சாப்புடுங்க."

நம்பினேன். நம்பியும் மனம் ஆறவில்லை.

சுப்பையனின் முறை நாட்களில் நான் கிணற்றுப் பக்கம் போவதில்லை. மேட்டுக்காட்டில் வேலை வைத்துக்கொள்வேன். அவன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றுதான். மறுநாள் அவன் முறை. ஏனோ கால் அந்தப் பக்கம் போயிற்று. சோளத்தட்டுப் போர் மறைவில் வரும்போதே கேட்டது. வாரியில் எருதுகள் இறங்குகின்றன. வடத்தின்மேல் உட்கார்ந்து சுப்பையன் பாடுகிறான்.

"இன்னும் ஒருசாலூ... எறச்சுத்தான் பாருங்க..."

 மலைப்படியில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பாப்பாயி என்னிடம் சொன்ன 'ங்க'வை இவன் வாயில் போட்டு மெல்லுகிறான். அதுவும் மூன்றாவது அடியைத் தேவையில்லாமல் இழுக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு வேறு பாடுகிறான், அவனுக்கே யாரோ பாடிக்காட்டியதுபோல.

நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு இல்லாதவனிடம் என்ன சொல்வது? நேராக ஊர்ப் பெரியதனம் சரவணமுத்து வீட்டுக்குப் போய்ப் பிராது வைத்தேன்.

"என்ன பிராதுங்க, மாமா? வரப்பா, மரமா?" என்றார் அவர்.

"பாட்டு."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "பாட்டுங்களா?"

"எங்க ஊட்டுப் பாட்டைச் சுப்பையன் பாடக்கூடாது. யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லோணும். அதுக்கப்பறம் அவன் வாயே தொறக்கக்கூடாது."

"வெள்ளிக்கிழமை காலம்பற மாரியாத்தா கோயில் முன்னால கூட்டிர்றனுங்க" என்றார். அவர் வாயோரம் துடித்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மறுநாள் என் முறை. கூட்டம் தீர்ப்புச் சொல்லும்வரை பாடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல்லும் இனிமேல் அவன் காட்டுக்குப் போகக்கூடாது. கவலை பூட்டி ஓட்டினேன். மயிலை எருது இரண்டு தரம் வாரியின் பாதியில் நின்று காதை ஆட்டியது. தார்க்குச்சியால் தட்டி இறக்கினேன். வெயில் ஏறியது. வடம் கிறீச்சிடும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போது சுப்பையன் வேகவேகமாக வரப்பேறி வந்தான். கையில் அவன் செவலை எருதின் கயிறு. தோளில் துண்டு இல்லை. என்னைப் பார்த்ததும் நின்றான். மேல்மூச்சு வாங்கியது. பிறகு, தண்ணீர் காட்டத்தான் வந்தவன்போல எருதைத் தொட்டிக்கு இழுத்துப் போனான்.

எங்கள் பக்கத்தில் பேச்சில்லாத பங்காளிகள் ஒரே கிணற்றில் இறைக்க வேண்டியிருந்தால் மாட்டிடம் பேசிக்கொள்வது உண்டு. மடை உடைந்தாலும், கயிறு இற்றுப்போனாலும் மாட்டிடம்தான் சொல்வோம். மாடு யாரிடமும் போய்ச் சொல்லாது, மானமும் போகாது.

"ஏண்டா செவலை" என்றான் சுப்பையன், எருதின் கழுத்தைத் தட்டியபடி. "இன்னைக்கு ஏன் பாட்டுச் சத்தத்தைக் காணோம்? தொண்டை கட்டிருச்சா, இல்லே ஒடம்புக்கு ஏதாச்சுமான்னு கேளு. பயந்து ஓடியாந்தேன்."

நான் மயிலையின் முதுகில் கை வைத்தேன். "மயிலை, ஊரான் பாட்டைத் திருடிப் பாடறவனுக்கு அந்தக் கவலை எதுக்குன்னு கேளு. வெள்ளிக்கெழமை கூட்டத்துல பதில் சொல்லச் சொல்லு."

"கூட்டமா? பாட்டுக்கா?" அவன் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக எருதைப் பார்த்தான். "செவலை, பாட்டுக்குப் பட்டா யாரு பேருல இருக்குதுன்னு கேளு. கிஸ்தி கட்டறாங்களாமா?"

"கிண்டல் வேண்டாம்ன்னு சொல்லு, மயிலை. கத்துக் குடுத்தது யாருன்னு சொல்லச் சொல்லு. எங்க ஊட்டுக்காரியா?"

இதைக் கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் இத்தனை நாளும் என்னை அரித்தது இது என்று எனக்கே தெரிந்தது.

 எருது தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது.

"செவலை, வேலுமணி போனது உனக்குத் தெரியுமல்ல" என்றான். வேலுமணி அவன் ஒரே மகன்; போன வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். நானும் பங்காளி என்ற முறைக்குப் போய் நின்றேன், கருமாதிவரை தீட்டுக் காத்தேன், பேசவில்லை. "கருமாதி முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் ஒருநாள், உன்ற கயித்தைத்தான் அவுத்துக்கிட்டு அந்த வேப்பமரத்துக்கு வந்தேன். நீ கட்டுத்தறியில சும்மா நின்னுக்கிட்டு இருந்தே. அன்னைக்குக் கெணத்துல இவிய முறை. கெளையில கயித்தைப் போட்டுட்டேன். இங்கிருந்து 'இன்னும் ஒருசாலு'ன்னு கேட்டுது. சரி, இந்தச் சால் கொட்டட்டும்ன்னு நின்னேன். கொட்டுச்சு. மறுக்காக் கேட்டுது. இதும் கொட்டட்டும்ன்னேன். அப்பிடியே பொழுது எறங்கிருச்சு. இவிய மாட்டை அவுக்கவும் நான் கயித்தை எடுத்துட்டு வந்து உன்னைக் கட்டிட்டேன்." துண்டில்லாததால் முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கத்துக் குடுத்தது யாருன்னு கேக்கறாங்க. நீயே சொல்லு."

எருதை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மற்றவர்களாக இருந்தால் அந்த இடத்திலேயே மனம் உருகியிருக்கும். என்னாலும் அந்த வேப்பமரத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் மனதின் அடியில் வேறொன்று கனன்றது. அந்தப் பாட்டு எனக்குச் சில சால் தண்ணீர் கொடுத்தது. அவனுக்கு உயிரைக் கொடுத்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் எதைப் பங்கு வைத்தாலும் பெரிய பங்கு அவனுக்கே போகிறது.

மதியக் களிக்குப் பிறகு பாப்பாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் ஒருக்காத்தான் பாடினேன், உங்களுக்கு மட்டும்தான்" என்றாள். "ரோட்டுல போற வண்டிக்காரனுக்கும் வேப்பமரத்துக்கும் கேக்கறாப்புல இத்தனை வருசமாக் கத்துனது யாருங்க? இதுல எம்மேல சந்தேகம் வேற!"

 "இருந்தாலும் அர்த்தம் தெரிஞ்சு பாடறது நான் ஒருத்தன்தானே" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் முழுசாத் தெரியுமாக்கும்? நீங்க போகச் சொன்னதுக்கு முன்னாலயே நான் மூட்டை கட்டிட்டனுங்க. எங்கய்யனை வரச் சொல்லி ஆளனுப்புனதே நான்தான். சோத்துக்கு இல்லாத ஊடுன்னு அழுதுக்கிட்டுத்தான் அன்னைக்கு வாய்க்காலுக்கு வந்தேன். இன்னும் ஒரு சால் பாத்துட்டுப் போலாம்ன்னு எனக்கும் சேத்துத்தான் சொன்னது."

இத்தனை காலம் அவள் அதைச் சொன்னதில்லை. இதை இங்கே எழுதுவதில் எனக்குக் குறைவில்லை; எப்படியும் அவள் போகவில்லையே. ஆனால் அன்று அந்தச் சாப்பாட்டுத் தட்டத்தின் முன்னால், என் மனைவியின் பங்கைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னிடம் சொன்னதாக நான் நினைத்த பாட்டில் அவளே பாதி எடுத்துவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பாட்டுப் பிராது என்று கேள்விப்பட்டு, வேலை இருந்தவர்களும் வந்திருந்தார்கள். சுப்பையன் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சென்னியம்மாள் பெண்கள் பக்கம் தலைகுனிந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. கயிற்று விஷயம் அவளுக்குத் தெரியாது. நான் பிராதைச் சொல்வேன். யாரிடம் கற்றாய் என்று சரவணமுத்து கேட்பார். சுப்பையன் பொய் சொல்கிறவன் அல்ல. எங்கள் குலத்தான் ஒருவன் மரத்தில் கயிறு போட்டான் என்று ஊர் பேசும். நாளைக்கு எங்கள் பெண்களைக் கேட்டு வருகிறவன் அதையும் கேட்டுக்கொண்டு வருவான். பாட்டைக் காப்பாற்ற வந்தவன் குலத்தைச் சந்தியில் நிறுத்துவதா?

"மாமா, உங்க பிராதைச் சொல்லுங்க" என்றார் சரவணமுத்து.

எழுந்தேன். தலைப்பாகையைச் சரிசெய்தேன். 

"பிராது ஒண்ணும் இல்லே" என்றேன். "அந்தச் சால் பாட்டு எங்க ரெண்டு ஊட்டுக்கும் பொது. கெணறு மாதிரி. அவன் முறையில அவன் பாடிக்கலாம். யாருகிட்டக் கத்துக்கிட்டான்னு யாரும் அவனைக் கேக்கக்கூடாது. இதைச் சொல்லத்தான் கூட்டச் சொன்னேன்."

"இதுக்கா மாமா எங்களை ஏர் நிறுத்தி வரச்சொன்னீங்க?" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கையாலேயே சுப்பையனுக்குப் பாதி அளந்து கொடுத்திருந்தேன். அந்த வலி எனக்குத்தான் தெரியும்.

ஆனால் சுப்பையன் எழுந்தான்.

"கேக்கலைன்னாலும் நான் சொல்றனுங்க" என்றான். சொன்னான். கயிறு, வேப்பமரம், இருட்டும்வரை நின்றது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். எதை மூடுவதற்காக நான் பாதியைக் கொடுத்தேனோ, அதை அவன் ஊர் நடுவில் திறந்து வைத்தான். குலமானம் போயிற்று என்று நான் பல்லைக் கடித்தேன். யாரும் ஏளனம் செய்யவில்லை. சென்னியம்மாள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் அழுதார்கள். சரவணமுத்து மூக்கை உறிஞ்சினார். நான் வாயை மூடிக் காத்த மானத்துக்கு ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தவனைச் சுற்றித்தான் ஊரே நின்றது.

சுப்பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். இடையில் மாடு இல்லை.

"அண்ணா" என்றான்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். எனக்கு உள்ளே ஏதோ இளகப் பார்த்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"மூணாவது அடியை இழுத்துப் பாடறே" என்றேன். "அந்த இழுப்புக்குச் சால் மேல வந்து, கொட்டாமத் தொங்கிக்கிட்டு நிக்கும். சரியாக் கத்துக்கோணும்ன்னா நாளைக்கு என் முறை. போர் மறைவுலயோ மரத்தடியிலயோ நின்னு கேக்காதே. வாரிக்குப் பக்கத்துல வந்து நில்லு."

"வாரனுங்க, அண்ணா" என்றான்.

மறுநாள் வந்தான். நான் பாடினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அந்த முகத்தைப் பார்க்கும்போது, நான் ஒருநாளும் இந்தப் பாட்டை அப்படிக் கேட்டதில்லை என்று பட்டது. வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்ற பாப்பாயி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த சாலுக்குக் குரலை இன்னும் உயர்த்தினேன்.